ஒரு 'தி' குறைகிறது

"இதுல 'தி' எங்கய்யா?" என்று மேனேஜர் கேட்டதும், கையேட்டுக்காரர் தன்னையறியாமல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

பாட்டிலுக்கு மூடி போடும் புது மெஷினுக்கு ஆங்கிலத்தில் கையேடு எழுதுவது அவர் வேலை. அதில் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"'பிரஸ் பட்டன்'னு எழுதியிருக்கீங்க. தந்தியா அடிக்கிறோம்? 'பிரஸ் தி பட்டன்'னு வரணும்."

நியாயமான பேச்சு. கையேட்டுக்காரர் கண்ணில் பட்ட பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ஒரு 'தி' மாட்டிவிட்டார். தண்ணீர், காற்று, தூசி எதுவும் தப்பவில்லை.

"'தி வாட்டர்'னா எந்தத் தண்ணி?" என்றார் மேனேஜர். "படிக்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பொருளுக்குத்தான் 'தி'. முதல் தடவை வந்தா 'எ'."

சரியென்று எல்லாவற்றையும் 'எ' ஆக்கினார்.

"'பிரஸ் எ பட்டன்'னா? இஷ்டத்துக்கு ஏதோ ஒரு பட்டனை அமுக்கச் சொல்றீங்களா? எவன் விரல் போனா யாரு பதில் சொல்றது?"

வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கிறுக்கு இறங்கவில்லை. சமையலறையிலிருந்து மனைவி, "அந்தக் கரண்டியை எடுங்க" என்றாள்.

"எந்தக் கரண்டி? இப்பத்தானே முதல் தடவையா சொல்றே?"

"அது என் கையில இருந்திருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டீங்க."

பிறகு அவளே குரலைத் தணித்து, "வேலை போயிடுமா?" என்றாள். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதினார். இந்த முறை மேனேஜர் சிவப்புப் பேனாவோடு பக்கம் பக்கமாகத் தேடினார். ஒரு தப்பும் அகப்படவில்லை. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"இந்த 'தி' எல்லாம்..." என்று இழுத்தார். "கொஞ்சம் சின்னதாத் தெரியுது. யோசிச்சுப் பண்ணுங்க."

கையேட்டுக்காரருக்கு அழுகையே வந்தது. அவர் வரைபடத்தைப் பார்த்து எழுதியவர்தானே தவிர, மெஷினைக் கண்ணால் கண்டதில்லை. நேரில் பார்த்தால் இன்னும் பிரமாதமாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

அங்கே தரையில் மோட்டார் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது. நடுவில் உட்கார்ந்து கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்ஜினியர்.

"ஒரே ஒரு தடவை மெஷினைப் பார்த்துக்கறேம்மா. கையேடு முடியலைன்னா என் வேலை போயிடும்" என்றார்.

"உங்களை யாருண்ணே போக விடுவா? இந்தச் சனியன் இன்னும் ஒரு சுத்துகூடச் சுத்தல. மெஷின் எப்பவோ ரெடி, கையேட்டுல 'தி' போடுறது மட்டும்தான் பாக்கின்னு ஆர்டர் குடுத்தவங்ககிட்ட மேனேஜர் தினமும் சொல்லிட்டிருக்காரு."