முதலுதவிக்காரனுக்கு முதலுதவி

அன்றைக்குத் தொழிற்சாலையின் அந்த மூலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், எனக்கு எதிரில் வேலை செய்யும் கஜேந்திரன் அண்ணன், சூப்பர்வைசர் முரளி சார், பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்திருந்த வெளியூர் அதிகாரி, பிறகு ஓடிவந்த நர்ஸ் ஸ்டெல்லா. அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குப் படப்பைப் பக்கம் எந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாலும், "நான் கண்ணால பாத்தேன்பா" என்று சொல்ல மூன்று பேராவது இருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் என்றால் பயம். கொசுவை அடித்தால் உள்ளங்கையைப் பார்க்காமலே கழுவுவேன். நான் தாடி வளர்ப்பது ஏதோ வேண்டுதல் என்று என் மாமியார் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். (பிளேடு பயம்தான் அத்தை, மன்னிச்சுக்குங்க.)

அப்படிப்பட்டவன் ஒரகடத்தில், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் முதலுதவியாளன் ஆனது எப்படி? ஆசைதான். ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. "ட்ரெய்னிங் போய்ட்டு வா சேகர். பெர்மனன்ட் லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் எய்டருக்குத்தான் மொத சான்ஸ்" என்றார் முரளி சார்.

ஏசி அறையில் இரண்டு நாள் பயிற்சி, மதியம் பிரியாணி. எல்லாவற்றுக்கும் கவலைப்படுவது என் பிறவிக் குணம் என்பதால், பாம்பு கடித்தால் என்ன செய்வது, கரண்ட் அடித்தால் என்ன செய்வது, இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடந்தால் என்ன செய்வது என்று நாற்பது கேள்வி கேட்டேன். பயிற்சியாளர் அதை ஆர்வம் என்று நினைத்து முதல் பரிசு கொடுத்துவிட்டார். ரப்பர் பொம்மைக்கு நான் போட்ட கட்டைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். பொம்மைக்கு ரத்தம் வராது என்பதை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் சான்றிதழ் அது. என் மனைவி மஞ்சுளா அதைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டினாள்.

தணிக்கை நாள் வந்தது. முரளி சார் அதிகாரியோடு எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். முதலுதவியாளன் என்று காட்டக் கையில் கட்டியிருந்த பச்சைப் பட்டை நன்றாகத் தெரியும்படி நான் திரும்பி நின்றேன். அந்த நேரம் பார்த்து கஜா அண்ணன் கையுறையைக் கழற்றி மூக்கைச் சொறிந்துவிட்டு, வெறுங்கையோடு தகட்டை எடுத்தார். ஓரத்துப் பிசிறு விரலைக் கிழித்தது.

"டேய் சேகரு, இன்னா பாத்துக்கினு நிக்கிற? பெட்டிய எடுறா!"

பதற்றம் வந்தால் மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நல்ல மாணவனாகத் தளர்த்தினேன். தோள் தளர்ந்தது, கை தளர்ந்தது, முழங்கால் தளர்ந்தது. போய் விழுந்த இடம், அவசரத்துக்கு லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். மொத்த லைனும் நின்றது.

அதிகாரி கேட்டாராம்: "இந்த லைனுக்கு ஃபர்ஸ்ட் எய்டர் யாரு?"

"தோ படுத்துகினு கீறாரே சார், அவுருதான்" என்றாராம் கஜா அண்ணன்.

அவர் தன் விரலைத் தானே கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு, என் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, என் காலைத் தூக்கிப் பிடித்தார். நான் கண் விழித்தபோது சட்டையில் நாலு சொட்டு ரத்தம். என்னுடையதுதான் என்று முடிவுகட்டி மறுபடி மயங்கினேன். மருத்துவ அறைக்கு அடிபட்டவர் நடந்து வந்தார். நான் ஸ்ட்ரெச்சரில் போனேன்.

ஸ்டெல்லா சிஸ்டர்தான் புரியவைத்தார். "மத்த பயத்துல ப்ரெஷர் ஏறும். ரத்தத்தப் பாத்து வர்ற பயத்துல ஏறிட்டு சட்டுனு எறங்கிடும். அப்ப ஒடம்பத் தளத்துனா இன்னும் எறங்கும். நீங்க இறுக்கணும். தொடை, வயிறு, கை. மூஞ்சி சூடாவுற வரைக்கும் இறுக்கிப் புடிங்க, கொஞ்சம் விடுங்க, மறுபடி இறுக்குங்க."

"அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லியா சிஸ்டர்?"

"அது வேற விஷயம்" என்றார்.

லைன் பதினோரு நிமிடம் நின்றது பற்றி இரண்டு பக்க அறிக்கை போனது. கஜா அண்ணன் விரலைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டோடு அன்றைக்கே வேலைக்குத் திரும்பிவிட்டதால் அது விபத்துக் கணக்கில் வராதாம். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகையில் மறுநாள் காலை ஒரு எண் கூடியிருந்தது. அடுத்த மாதம் நிரந்தரப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. மஞ்சுளா சான்றிதழைக் கழற்றவில்லை. "அதுக்குக் கீழ யாரும் உக்காராதீங்க, அதுவும் விழுந்துரப் போவுது" என்றதோடு விட்டாள்.

மயங்கி விழுந்த அன்றைக்கே வந்த ரோஷத்தில்தான், மறுநாளிலிருந்து தேநீர் இடைவேளையெல்லாம் மருத்துவ அறை வாசலில் நின்று, கஜா அண்ணனுக்குக் கட்டு மாற்றுவதைப் பார்க்க ஆரம்பித்தேன். தொடையை இறுக்கிக்கொண்டு ஒரு கண்ணால். பிறகு இரண்டு கண்ணாலும். அண்ணன் விரல் ஆறிய பிறகும், யார் விரலை வெட்டிக்கொண்டு வந்தாலும் போய் நின்றேன். (அவர்களுக்கு என்னைப் பார்த்துத்தான் பயம் வந்தது.) மறு வருடம் தொழிற்சாலையில் ரத்ததான முகாம் வைத்தபோது நானே போய்ப் படுத்தேன். நான் தொடையையும் வயிற்றையும் இறுக்குவதைப் பார்த்த முகாம் நர்ஸ், "சார், டாய்லெட் அந்தப் பக்கம், போய்ட்டு வந்துடுங்க" என்றார். பை நிறைவதைக் கடைசி வரைக்கும் பார்த்தேன். மயங்கவில்லை.

இப்போது யாருக்கு அடிபட்டாலும் நான்தான் கட்டுப் போடுகிறேன். ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருக்கிறது. கஜா அண்ணன் மட்டும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மஞ்சுளாவிடம் முறையிடுவார்:

"பாரும்மா, யாரு எவுருன்னே தெரியாதவனுக்கெல்லாம் வருசா வருசம் ரத்தம் குடுக்குறான். அன்னிக்கு இவன் விழுந்து லைன் நின்னதுல எனக்குப் போச்சே இன்சென்டிவ், அத்தக் குடுக்க மட்டும் மனசு வர்ல. முந்நூத்தம்பது ரூபா!"