நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் அப்பா

மூன்றாவது படத்திலும் செத்துப்போன மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

மதியழகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான்காவது படத்தைத் திறந்தான். கல்யாணப் பெண் ஷில்பாவுக்கு அலங்காரம் நடக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கிற அறை. அங்கேயும் இடது ஓரத்தில் அவர் நிற்கிறார். ஐந்தாவது படம் சமையற்கட்டு. சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எல்லாரும் கலரில் இருக்க, அவர் மட்டும் கறுப்பு வெள்ளையில். கையில் சுரங்கத் தொப்பி, கழுத்தில் சந்தன மாலை.

"அய்யோ!" என்றான் மதியழகன்.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஸ்டுடியோ அது. நாலு மூட்டை அடுக்குகிற அளவுதான் இருக்கும். அவன் பின்னால் ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மப்ளரால் காது, வாய், மூக்கு எல்லாவற்றையும் சுற்றியிருந்தார். சி.டி. வாங்கிவரச் சொல்லிப் பெண்ணின் அம்மா தாயம்மா அனுப்பிய ஆள்.

"என்னாச்சு தம்பி?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. ஒரு அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷத்தை அவன் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது மணி மூன்றரை. ஐந்தரைக்கு மும்பை ரயில். ஷில்பா புருஷனோடு அதில் ஏறுகிறாள். இனி எப்போது வருவாளோ. "அவ போறப்ப கல்யாணம் அவ கையில இருக்கணும்பா" என்று தாயம்மா கும்பிட்டுச் சொல்லியிருந்தாள். ஏற்கனவே படம் தாமதமாகக் கொடுத்து இரண்டு குடும்பத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் மதியழகன்.

தாமதத்துக்கு மருந்து சொன்னவன் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நண்பன் சீனு. "ஒவ்வொரு படமா உக்காந்து வெளிச்சம் ஏத்துறியே, உனக்குப் பைத்தியமா குரு? ரெக்கார்டுன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டு ஒரு படத்துல செஞ்சு காட்டு. கம்ப்யூட்டர் கத்துக்கும். மிச்சத்தை அதுவே செய்யும்."

மதியழகன் பட்டனை அமுக்கினான். ஒரு படத்தில் வெளிச்சம் ஏற்றிக் காட்டினான். அதோடு பட்டனை நிறுத்தியிருக்க வேண்டும். மறந்துபோனான். அதே சூட்டில், தாயம்மா கேட்டிருந்த இன்னொரு வேலையையும் செய்துவிட்டான்.

மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, "அப்பாவைக் கூப்பிடுங்கம்மா" என்று அவன்தான் கேட்டான். தாயம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அவரு இல்லப்பா" என்றாள். மறுநாள் ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கவயல் சுரங்க வாசலில் வாட்டசாட்டமாக ஒரு வாலிபன். "ஒரே ஒரு படத்துல இவரையும் சேர்த்துடு. பொண்ணு பக்கத்துல நிக்கட்டும்."

சேர்த்தான். மாலை மட்டும் அவனாகப் போட்டது. இல்லாதவருக்கு மாலை இல்லாமல் எப்படி?

கம்ப்யூட்டர் நல்ல மாணவன். வெளிச்சம், அப்பா, மாலை மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு படத்துக்கும் போட்டு, பழைய படத்தின் மேலேயே சேமித்தும் வைத்துவிட்டது.

மதியழகன் சீனுவுக்கு போன் போட்டான்.

"டென்ஷன் ஆகாத குரு. ஒரிஜினலைத் தனியா காப்பி பண்ணி வெச்சிருப்பல்ல?"

"அதை நீ சொல்லலியேடா!"

"கேமரா கார்டுல?"

"ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு அழிச்சிட்டேன்டா."

"சரி, அழிக்கிறதையும் அதுக்குச் சொல்லிக்கொடு. படத்துல பக்கத்துல இருக்கிற திரைத்துணி, சுவரு எதையாவது எடுத்து அவரு மேல ஒட்டு. எல்லாப் படத்துக்கும் ஓடவிடு. இந்தத் தடவையாவது காப்பி எடுத்துக்க!"

காப்பி எடுத்துக்கொண்டான். ஒரு படத்தில் பின்னால் தொங்கிய மண்டபத்து நீலத் திரையை எடுத்து மனிதர் மேல் பூசிக் காட்டினான். ஓடவிட்டான்.

மனிதர் போய்விட்டார். நானூற்றுப் பன்னிரண்டு படத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு நீலத் திரை வந்து நின்றது. சாம்பார் அண்டா பாதி திரைக்குள் போனது. பெண்ணின் அத்தை ஜெயலக்ஷ்மிக்குத் தலை இருந்த இடத்தில் துணி மடிப்பு. தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு கை மட்டும் மிச்சம். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ தாலி கட்டுகிறார்கள்.

"இது யாரு தம்பி?" என்றார் பெரியவர், எழுந்து வந்து.

"மாப்பிள்ளை."

"கையி நல்லா இருக்கு."

மதியழகனுக்கு அழுகை வந்தது. அந்தப் படங்களை மூடிவிட்டுக் காப்பியைத் திறந்தான். மறுபடி மனிதர் வந்து நின்றார்.

"இவரே பரவாயில்லையே" என்றார் பெரியவர்.

"எங்க பெரியவரே! பாருங்க, பந்தியில பொணம் நிக்குது."

பெரியவர் குனிந்து பார்த்தார். இருமல் வந்தது. மப்ளருக்குள்ளேயே வெகுநேரம் இருமினார். "பாயசம் சேமியாவா, பருப்பா?"

"நீங்க கல்யாணத்துக்கு வரலியா?"

"வீட்டைப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமில்ல. அதுவுமில்லாம மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த இருமலைக் கேட்டா, என்ன சீக்கோன்னு பயந்துக்குவாங்களாம். சுரங்கத் தூசி தம்பி, யாருக்கும் ஒட்டாது. அதைச் சொன்னா யாரு கேக்குறா." மூச்சு வாங்கினார். "இன்னிக்கும் அப்படித்தான். ஸ்டேஷன்ல சி.டி.யைக் கையில குடுத்துட்டுத் தள்ளி நின்னுக்கோன்னு தாயம்மா சொல்லியிருக்கு. சும்னே ஏன் வீண் தகராறுன்னு நானும் சரின்னுட்டேன். அடுத்த படம் போடு."

மதியழகன் போட்டான். வேறு வேலையும் ஓடவில்லை.

பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். புடவை என்ன கலர், பொண்ணு ஏன் இங்கே அழுதிருக்கு, நாதஸ்வரம் உள்ளூரா. அட்சதை போடும் படத்தில் அந்தக் கறுப்பு வெள்ளை மனிதர் சரியாக ஷில்பாவின் தோள் பக்கம் நின்றார். பெரியவர் அதை விட்டு நகரவில்லை.

"எல்லா எடத்துக்கும் போயிருக்காரு" என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

மணி நாலே முக்கால். மதியழகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பெரியவரே, என்னால ஆகாது. திரை வெச்சதைக் குடுத்தா மாப்பிள்ளை வீட்ல அடிப்பாங்க. இவரு நிக்கிறதைக் குடுத்தா, செத்தவரைப் பந்தியில நிக்க வெச்சிட்டான்னு அந்தம்மா சாபம் விடும். அவங்ககிட்ட நீங்களே போய் சொல்லிடுங்க, படம் இல்லன்னு."

பெரியவர் மப்ளரை மெல்ல அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். குழி விழுந்த கன்னம். கம்ப்யூட்டர் திரையில் நிற்கும் மனிதரைச் சுட்டுவிரலால் தொட்டார்.

"படமெல்லாம் அப்படியே இருக்கட்டும் தம்பி. அந்த மாலையை மட்டும் என் கழுத்திலேருந்து எடுத்துடு."