ஆறு கசெட்டில் சி பிளஸ் பிளஸ்

நான் ஒரு கோழை. அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கும் திறமை என்னிடம் இருப்பதாக இருபத்தெட்டு வயதில் நம்பியிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் புரோகிராமர் வேலை. பழைய கோபோல் என்ற கணினி மொழியை விட்டு எல்லோரும் சி பிளஸ் பிளஸுக்கு மாற வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்தது. எங்கள் மேலாளர் கிரகாம் என்னைக் கூப்பிட்டு, "ஐந்து நாள் வகுப்புக்குப் போவது நல்லதா, வீடியோ கசெட்டில் படிப்பது நல்லதா? யோசித்து எழுதித் தாருங்கள்" என்றார்.

வகுப்பு என்றால் முதல் நாளே எழும்பி நின்று தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். (எழுத்தில் என் ஆங்கிலம் கம்பீரமானது. வாயைத் திறந்தால் வினைச்சொல் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன்.) எனவே வீடியோவைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நிறுத்தலாம், திருப்பிப் பார்க்கலாம், வருங்காலமே கசெட்டுக்குள்தான் இருக்கிறது! பயம் என்ற சொல் மட்டும் அதில் எங்கும் இல்லை.

கிரகாமுக்கு அது அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. குழுவுக்கே போட்டிருந்த வகுப்பை ரத்துச் செய்துவிட்டு ஆறு கசெட்டுகளை என் கையில் தந்தார்.

"நீங்கள் பாருங்கள். மூன்று கிழமையில் மற்ற ஒன்பது பேருக்கும் நீங்களே படிப்பியுங்கள்."

லண்டன் டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டில், வேலை முடிந்து வந்ததும் கசெட்டைப் போடுவேன். கழுத்துப்பட்டி கட்டிய அமெரிக்கர் ஒருவர் தோன்றுவார். பத்தாவது நிமிடம் நான் செற்றியில் சாய்ந்திருப்பேன். யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்த என் மனைவி வதனி, வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இஞ்சேருங்கோ, அந்தாள் சொன்னது விளங்கினதோ?"

"ஓம், ஓம்," என்பேன், கண்ணைத் திறக்காமலே.

நான் படிப்பிக்க வேண்டிய நாளும் வந்தது. அமெரிக்கரின் முதல் பகிடியை அவருடைய உச்சரிப்பிலேயே சொல்லிவிட்டு, அவர் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். கசெட்டில் அந்த இடத்தில் சிரிப்புக் கேட்கும். இங்கே அறையைச் சூடாக்கும் ரேடியேற்றர் மட்டும் முனகியது.

என்னோடு வேலை செய்யும் பட்ரீசியா கையை உயர்த்தினாள். "ஒரே மெமரியை இரண்டு தரம் விடுவித்தால் என்ன நடக்கும்?"

கசெட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. "நல்ல கேள்வி," என்றேன். "பிறகு பார்ப்போம்." தேநீர் இடைவேளைக்குள் ஏழு நல்ல கேள்விகள் சேர்ந்துவிட்டன. தாழ்வாரத்துப் போனுக்கு ஓடினேன்.

"வதனி, மூன்றாம் கசெட்டைப் போட்டு…"

"அதை ஏன் போடோணும்? ரெண்டாந்தரம் விடுவிச்சால் புரோகிராம் எங்கையாவது விழும். எப்ப, எங்கை எண்டு சொல்லேலாது. நீங்கள் அப்ப நல்ல நித்திரை."

ஏழுக்கும் பதில் எழுதிக்கொண்டு, அறிஞன் போலத் திரும்பினேன். மதியத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு ஓட்டம். கடைசி ஓட்டத்தில், "மெதுவாச் சொல்லும், எழுதிறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் கிரகாம் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் தமிழுக்குள் வந்து விழுந்த பொயின்ரர், மெமரி, டிலீற் எல்லாம் நன்றாகவே தெரியும்.

"மறுமுனையில் யார்?"

"என் மனைவி."

"எந்தக் கம்பனி?"

"வீட்டில் இருக்கிறா."

ரிசீவரை வாங்கிப் பதினைந்து நிமிடம் பேசினார். வதனிக்கும் வினைச்சொல் சரியாக வராதுதான். அதற்காக அவள் ஒரு நாளும் வாயை மூடிக்கொண்டதில்லை. எனக்கு அப்போது வந்த வெட்கம் கிரகாமால் வந்ததல்ல.

ரத்துச் செய்த வகுப்பைக் கிரகாம் திரும்பப் போட, அடுத்த மாதம் பத்துப் பேரும் போனோம். எழும்பி நின்று பெயர் சொன்னேன், கூரை இடிந்து விழவில்லை. வதனி மாலைக் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் வேறொரு கம்பனியில் புரோகிராமராகி, என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

வீட்டில் நான் எதற்காவது உறுதியாகப் பதில் சொல்லத் தொடங்கினால், "அப்பா, முதல்ல அம்மாவுக்குப் போன் எடுங்கோ" என்று பிள்ளைகள் இன்றும் கத்துவார்கள். மகளின் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேச எழும்பினேன். வாயைத் திறக்க முன்பே புது மருமகன் பணிவாகத் தன் போனை நீட்டினான்.

வதனி பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள்.