மூன்றாம் பக்கத்து இளவரசி

இந்த உலகில் இளவரசிகளுக்கு இன்றுவரை தட்டுப்பாடு ஏற்படவில்லை என்றால், அதற்கு முழுமுதற் காரணம் எங்கள் பதிப்பகம். ராஜாக்கள் போனார்கள், ராஜ்யங்கள் போயின. இளவரசிகள் மட்டும் மாதம் இரண்டு பேர் வீதம் எங்கள் இரண்டாவது மாடியிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். லிஃப்ட் வேலை செய்யாததால் படியிறங்கித்தான் போகிறார்கள்.

இளம் பெண்களுக்காக நாங்கள் நடத்தும் ‘உன்னை நீ அறி’ நாவல் வரிசைக்கு அடியேன் தலைமை ஆசிரியர். வரிசையின் இலக்கணம் எளிது. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். நாற்பதாம் பக்கத்தில் இளவரசிக்குக் காதல் வரும். தொண்ணூறில் சந்தேகம் வரும். நூற்றிருபதில் மழை. நூற்றெழுபதில் கண்ணாடி முன் நின்று, “நான் யார்?” என்று அழுது, தன்னைத் தானே ‘கண்டுபிடித்து’விடுவாள். எந்த இளவரசியும் இதுவரை ஒரு பக்கம் முன்னே பின்னே கண்டுபிடித்தது கிடையாது. சுதந்திரச் சிந்தனையை இவ்வளவு ஒழுங்காக நடத்திவருபவர்கள் நாங்கள்தான் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த ஒழுங்கைக் குலைக்க ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பாளர் வேலை. உள்ளே நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் வெளியே உட்கார்ந்து ஒரு நாவலையே எழுதி முடித்திருந்தாள்.

“சார், இது நான் எழுதினபடியே புத்தகமா வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்று பிரதியை என் மேசையில் வைத்தாள். பேச்சில் தயக்கமே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதை ஒரே மூச்சில் படித்தேன். பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். எங்கள் வரிசையில் எந்த நாவலும் என்னை இப்படிச் செய்ததில்லை. ஆகவே இதில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று புரிந்தது. உடனே குழுவைக் கூட்டினேன்.

குழு என்றால் முதலாளி, விற்பனை மேலாளர், ஓவியர், நான். எதிரே அந்தப் பெண்.

“மூணாம் பக்கத்துல மந்திரி ‘நீ யாரம்மா?’ன்னு கேக்கறார். இளவரசி என்ன சொல்றா, படிங்க” என்றார் முதலாளி.

நான் கனத்த குரலில் படித்தேன்: “‘நான் அடுத்த ராணி. கணக்கு நன்றாக வரும். பாட்டு வராது. கோபம் வந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். வேறு ஏதாவது தெரியவேண்டுமா?’”

விற்பனை மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, மூணாம் பக்கத்துலயே தன்னைக் கண்டுபிடிச்சுட்டா, மிச்சப் பக்கமெல்லாம் அவளுக்கு என்ன வேலை?”

“நாட்டை ஆள்றா சார்.”

“அதை யாரும்மா படிப்பாங்க?”

“இவர் படிச்சாரே” என்று என்னைக் காட்டினாள். நான் ஜன்னல் வழியே எதிர்க்கட்டடத்தைப் பார்வையிட்டேன்.

அடுத்தது காதல். அறுபத்தொன்றாம் பக்கத்தில், அரண்மனைக் கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் இளைஞனிடம் இளவரசி, ‘எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, உனக்கு?’ என்கிறாள். அவன், ‘எனக்கும்தான்’ என்கிறான். காதல் முடிந்தது.

“ரெண்டே வரி!” மேலாளரின் குரல் தழுதழுத்தது. “வாசகி எப்படிம்மா ஏங்குவா?”

“ஏன் சார் ஏங்கணும்?”

இந்தக் கேள்வி ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்று குறிப்பேட்டில் பதிவானது. கடிகாரக்காரன் கடைசியில் மாறுவேடத்தில் இருந்த பக்கத்து நாட்டு இளவரசன் எனத் தெரியவர வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

“அப்போ கடிகாரத்தை யார் சரிபண்றது?”

“அது அவ்வளவு முக்கியமா?” என்றார் முதலாளி.

ஓவியர் அட்டைப்படத்தை எடுத்து வைத்தார். எங்கள் வழக்கப்படி அட்டை முதலில் அச்சாகிவிடும், நாவல் பிறகுதான் வரும். நிலா வெளிச்சத்தில், இடுப்புக்குக் கீழே புரளும் கூந்தலோடு ஒருத்தி நமக்கு முதுகு காட்டி நின்றாள்.

“என் இளவரசிக்குத் தோள் வரைதான் சார் முடி.”

“அட்டை ரெடியாயிடுச்சும்மா. நாவல்ல முடியை வளர்த்துடு.”

அவள் வளர்த்தாள். முதல் திருத்தத்தில் முடி வளர்ந்தது. இரண்டாவதில் கடிகாரக்காரன் குதிரை ஏறினான். மூன்றாவதில் மழை பெய்தது. ஒவ்வொரு முறையும் சண்டை போட்டாள், ஒவ்வொரு முறையும் அந்தச் சண்டை கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே வந்தது. கண்ணாடிக் காட்சிக்கு மட்டும் மசியவில்லை.

“என் இளவரசி அழ மாட்டா சார். அவளுக்குத்தான் தான் யாருன்னு தெரியுமே.”

என் இருபது வருட அனுபவத்தை எல்லாம் திரட்டிக் கனிவாகச் சொன்னேன். “அப்போ எடுத்துட்டுப் போயிடும்மா. ஆனா ஒண்ணு, வேற யாரும் போட மாட்டாங்க.”

பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போனாள். போய்விடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அடித்துக்கொண்டது. அவள் ஒரு நிமிடம் கதவுப் பிடியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“எந்தப் பக்கத்துல சார் அழணும்?”

“நூத்தி எழுபது” என்றேன்.

புத்தகம் வந்தது, அமோகமாக ஓடியது. வாசகிகள் ஏங்கினார்கள். முதலாளி அடுத்த நாவலைப் பற்றிப் பேச அவளை அழைத்தார். வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவை உன் இஷ்டம்மா. உனக்கு என்ன எழுதணும்னு தோணுது?” என்றார் தாராள மனதுடன்.

அவள் முதலாளியைப் பார்த்தாள், மேலாளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லிடுங்க சார். எனக்கு என்ன பிடிக்கும்னே இப்பல்லாம் தெரிய மாட்டேங்குது. எழுத உட்கார்ந்தா அழுகையா வருது.”

மேலாளர் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து எங்கள் வரிசையின் புதிய வெளியீட்டை உருவி அவள் கையில் கொடுத்தார். “அழாதேம்மா. இதைப் படி, உன்னை நீயே கண்டுபிடிச்சிடுவே. உனக்குப் பத்து சதவீதம் கழிவு.”

அவள் வாங்கிக்கொண்டாள். எங்கள் சேவையின் பெருமை அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. பெண்களுக்குத் தங்களைத் தேடித் தருவதற்கு மட்டும்தான் நாங்கள் விலை வைத்திருக்கிறோம். தொலைத்துக் கொடுப்பதை இலவசமாகவே செய்துவருகிறோம்.