சந்தானம் பயிற்றுவித்த லைன்மேன்

உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், ஆடுகிறவனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. சோபாப் பயிற்சியாளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவருக்கு மைதானம் வேண்டாம், விசில் வேண்டாம், முழங்கால் வேண்டவே வேண்டாம். ஒரு டிவியும், கை எட்டுகிற தூரத்தில் ஒரு கிண்ணம் மிக்ஸரும் போதும். அடுத்தவர் சமையலில் உப்புப் பார்ப்பவர், கார் ஓட்டுகிறவருக்குப் பின் சீட்டிலிருந்து பிரேக் போடுபவர் என்று இந்த இனத்தில் கிளைகள் பல. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைத் தரிசிக்க வேண்டுமென்றால், தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில், சந்தானத்தின் வீட்டுக்குத்தான் நீங்கள் போயிருக்க வேண்டும்.

மாம்பலத்தில் இருந்தவரை சந்தானம் கிரிக்கெட்டைக் கவனித்துக்கொண்டார். சிப் கம்பெனி வேலைக்காக அமெரிக்கா வந்த ஆறே மாதத்தில், காலால் உதைப்பது அபூர்வமாக இருந்தும் ஃபுட்பால் என்றே பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். கூட விளையாட ஆள் உண்டா? இல்லை. பந்தைத் தொட்டதுண்டா? மகன் முகுந்தின் பொம்மைப் பந்தை ஒருமுறை காலில் தடுக்கி விழுந்து தொட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு அதிர்ஷ்டம் பக்கத்து வீட்டிலேயே வந்து குடியேறியது. கர்டிஸ் ப்ளெட்சோ. தொழில்முறை ஆட்டக்காரர். கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற உருவம். அணியில் அவர் லைன்மேன் என்று கேள்விப்பட்ட சந்தானத்தின் மனைவி ஷ்யாமளா, மதராஸிலிருந்த அக்காவுக்கு ஃபோனில் சொன்னாள்.

"லைன்மேனா? அமெரிக்கா போயும் ஈ.பி. ஆசாமி பக்கத்துலயா வீடு பாத்தேள்? போகட்டும், கரண்ட் போனா உடனே கூப்பிடலாம்" என்றாள் அக்கா.

கர்டிஸ் பார்த்த உத்தியோகமும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். வெளிச்சம் இருக்கும்வரை யாரும் நினைக்க மாட்டார்கள். பந்தை எறிபவன் மேல் எதிரணி வந்து விழாமல் குறுக்கே சுவராக நிற்க வேண்டும். இடி எல்லாம் தன் மேல் வாங்க வேண்டும். நன்றாக நின்றால் எறிந்தவனுக்குக் கைதட்டல். ஒருமுறை தப்பு செய்தால் நடுவர் மைக்கில் இவருடைய நம்பரைச் சொல்லி நாட்டுக்கே அறிவிப்பார். ஒன்பது வருஷ ஆட்டத்தில் அவர் பந்தைக் கையில் பிடித்ததே இல்லை.

"பந்தையே தொடாம சம்பளம்!" என்று சந்தானம் வியந்தார். ஆபீஸில் அவர் எதைத் தொட்டார் என்று ஷ்யாமளா கேட்கவில்லை. நல்ல குடும்பப் பெண்.

திங்கட்கிழமை காலையில் கர்டிஸ் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு, குப்பைத் தொட்டியைத் தள்ளியபடி தெருவுக்கு வருவார். சந்தானம் காத்திருப்பார்.

"கர்டிஸ்! நேத்து மூணாவது குவார்ட்டர்ல உன் இடது கால் லேட்டு!"

"ஆமாம், சாண்டா" என்பார் கர்டிஸ். சந்தானம் என்ற பெயர் அவர் வாயில் அவ்வளவுதான் நுழைந்தது. இதில் கொடுமை என்னவென்றால், இடது கால் உண்மையிலேயே லேட்டுதான். சோபாப் பயிற்சியாளர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும். அதனால்தான் அவரை ஒன்றும் செய்ய முடிவதில்லை.

தொண்ணூற்றெட்டில் அந்த முழங்கால் போயே போய்விட்டது. அணியிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. நன்றி சொன்னார்கள், வைத்துவிட்டார்கள். முப்பத்துமூன்று வயது மனிதர் கராஜில் மடக்கு நாற்காலி போட்டு, மூடிய கதவைப் பார்த்தபடி நாளெல்லாம் உட்கார ஆரம்பித்தார்.

"ஏன்னா, எனக்கு என்னமோ பயமா இருக்கு. போய்ப் பேசிட்டு வாங்கோ. தப்பு மட்டும் கண்டுபிடிக்காதேங்கோ" என்றாள் ஷ்யாமளா.

சந்தானம் போனார். கர்டிஸ் மெல்ல வாய் திறந்தார். டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரி லைன்மேன்களுக்குப் பயிற்சியாளர் தேடுகிறதாம். இன்டர்வியூவுக்கு அழைத்திருக்கிறார்களாம். ஆனால் நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். இந்த வேலையும் இல்லையென்றால் தனக்கு வேறு எதுவும் தெரியாதாம்.

சந்தானத்துக்குப் புல்லரித்தது. இன்டர்வியூ! சிப் கம்பெனிகள் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் சட்டை மாற்றுவது போல் கம்பெனி மாற்றிய காலமல்லவா அது? கர்டிஸைக் கையோடு கூட்டிவந்து தன் சோபாவில் உட்கார வைத்தார். சோபா ஒரு பெருமூச்சு விட்டு அமுங்கியது.

"உன்னுடைய பலவீனம் என்ன?"

"முழங்கால்."

"தப்பு! அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் பலவீனம்னு சொல்லணும். சரி, எதுக்காக இந்த வேலை?"

"எனக்கு ஆட்டம் பிடிக்கும்."

"அய்யோ! பிடிக்கும்னு சொன்னா சம்பளத்தைக் குறைச்சுடுவான்!"

ஒரு வாரம் இந்தப் பாடம் நடந்தது. கர்டிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு டெக்சாஸுக்கு விமானம் ஏறினார். வேலை கிடைத்ததும் ஃபோன் செய்தார்.

"நான் சொன்ன பதில்ல எது வேலை செஞ்சது?" என்று குதித்தார் சந்தானம்.

கர்டிஸ் கொஞ்சம் தயங்கினார். "எல்லாம் மறந்துபோச்சு, சாண்டா. எதுக்காகப் பயிற்சியாளர் ஆகணும்னு கேட்டாங்க. உன்னைப் பற்றித்தான் சொன்னேன். நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்ல என் பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருக்கார், அவர் சொன்னா தப்பாது. ஆனா அந்தக் காலை எப்படிச் சீக்கிரம் நகர்த்தணும்னு சொல்லித்தர எனக்கு யாரும் இருந்ததில்லை, அந்தப் பையன்களுக்கு நான் அதைச் செய்யறேன்னு சொன்னேன்."

ஃபோனை வைத்த சந்தானத்தின் கண் கலங்கியிருந்தது. "ஷ்யாமளா! இன்டர்வியூவுல என் பேரைச் சொல்லி வேலை வாங்கியிருக்காண்டி! நான் சொன்னா தப்பாதாம்!" என்றவர், மிச்சத்தையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"ஏன்னா, அது புகழ்ச்சி இல்லை."

"போடி, உனக்கு ஃபுட்பால் தெரியாது."

அப்புறம் பக்கத்து ஊர் லிவர்மோர் கோயிலில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும் போதெல்லாம், "டெக்சாஸ்ல என் ஸ்டூடண்ட் ஒருத்தன் கோச்சா இருக்கான்" என்று முன்னால் நிற்பவர் முதுகிடம் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஸ்டூடண்டோ, நொண்டிக் காலோடு வெயிலில் நின்று, ஒவ்வொரு பையனின் பாதத்தையும் குனிந்து தன் கையால் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தார். முதல் வருஷம் தோற்றார்கள். இரண்டாம் வருஷம் தோற்பது கொஞ்சம் குறைந்தது. பையன்கள் அவரை விட்டுப் போகவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டே வரும்போது, 'இந்த இடத்தை இன்னும் சுருக்கியிருக்கலாம், அந்த ஃபோனை முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம், எனக்கு மட்டும் எழுத நேரம் இருந்திருந்தால்...' என்று ஒருமுறையாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள். சந்தானம் கொஞ்சம் நகர்ந்து, உங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்.