கையெழுத்தில்லாத அறுபத்து மூன்று கிலோ

மனிதகுலம் இதுவரை மேற்கொண்ட நெடும்பயணங்கள் அனைத்திலும் ஒரு குறை உண்டு: யாரும் முறைப்படி மூட்டை கட்டவில்லை. கடல் கடந்தவர்களும் மலை ஏறியவர்களும் அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும் பெரும்பேறு, ஒரகடத்தில் பிரேக் ஷூ தயாரிக்கும் ஓர் ஆலைக்கு வாய்த்தது.

பாதுகாப்பு வாரத்தை முன்னிட்டு அந்த ஆலை ஒரு 'விழிப்புணர்வு நெடும்பயணம்' அறிவித்தது. ஒரு தொழிலாளி, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரகடம் முதல் கன்னியாகுமரி வரை போய்வர நான்கு நாள். ஆலை மேலாளர் இராமச்சந்திரன் குலுக்கிப்போட்டு எடுத்த சீட்டில் இசக்கிபாண்டியின் பெயர் இருந்தது. மூன்றாவது லைனில் மூன்று வருடமாக நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி. சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் ஆறு பேரில் ஒருவன்.

பெயரைக் கேட்டதும் அவன் கண் கலங்கிவிட்டது. பாதுகாப்பின்மேல் ஒரு மனிதனுக்கு இத்தனை பற்றா என்று மேலாளரும் நெகிழ்ந்தார். விஷயம் வேறு. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து எழுபது நாளாகிறது, இன்னும் பார்க்கவில்லை. மூன்று முறை லீவு கேட்டான், மூன்று முறையும் 'ஆள் இல்லை' என்று பதில் வந்தது. அவன் ஊரோ நாங்குநேரிக்குப் பக்கம். கன்னியாகுமரிச் சாலை அந்த வழியாகத்தான் போகிறது.

டீ இடைவேளையில் மனைவிக்குப் போன் செய்தான்.

"மாரி, வாரேன்."

"இதத்தான் ரெண்டு மாசமா சொல்லுதிய," என்றாள் சந்தனமாரி. "பிள்ள உங்கள போன்லயே பாத்துப் பாத்து, அப்பான்னா தட்டையாத்தான் இருப்பாவன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. நேர்ல வந்தியன்னா பயந்து அழுதுரும் பாத்துக்கிடுங்க."

"இந்தத் தடவ கம்பெனியே அனுப்புது புள்ள!"

"கம்பெனியா? அப்பம் கண்டிப்பா வரமாட்டிய."

அவளுக்கு நவீன நிர்வாகத்தில் நம்பிக்கை குறைவு.

மறுநாளே 'அத்தியாவசியப் பொருள் தேர்வுக் குழு' கூடியது. தலைவர் இராமச்சந்திரன். செயலாளர் ஷெர்லின், மனிதவளமும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு, அதாவது ஆளை வேலைக்கு எடுப்பதும் எடுத்த ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதும். உறுப்பினர் ஸ்டோர்ஸ் ரத்தினம், பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒவ்வொரு துறையும் தனக்கு எது அத்தியாவசியமோ அதை எழுதி, துறைத்தலைவர் கையெழுத்துடன் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. துறைகள் தங்கள் கடமையை மறக்கவில்லை.

பாதுகாப்புத் துறை ஒன்பது கிலோ தீயணைப்பானும் இரண்டு முதலுதவிப் பெட்டிகளும் அனுப்பியது. இரண்டாவது பெட்டி, முதல் பெட்டி காலில் விழுந்தால் உதவுவதற்கு. தரக்கட்டுப்பாட்டுத் துறை, நட்டு முறுக்கும் அளவுக்கருவியை அதன் சான்றிதழோடு அனுப்பியது. நிர்வாகத் துறையிலிருந்து இரும்புச் சட்டத்தோடு பேனர், துண்டறிக்கை இரண்டாயிரம், மேலாளரின் பாதுகாப்புச் செய்தி கண்ணாடி போட்டு, கன்னியாகுமரியில் மேலாளரே மேலாளருக்கு வழங்க ஒரு வெண்கலக் கேடயம். ரத்தினம் தம் பங்குக்கு இரண்டு டயர் உருட்டி வந்தார்.

"ரெண்டு டயர் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான் இசக்கிபாண்டி.

"முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னு. இது கூடத் தெரியாம நீ இன்னா பிரேக் ஷூ பண்றே?"

"வழிநெடுகப் பஞ்சர் கடை இருக்கே?"

"கடை கீது, இல்லேன்னு சொல்லல. நம்ம ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கீதா?"

இசக்கிபாண்டி டயர்களைத் தாண்டி மேசையருகே வந்தான். தன் தோள்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "மேடம், இதையும் ஓரமா வச்சிக்கிடட்டா? பிள்ளைக்குச் சட்டை. நூறு கிராம்தான் இருக்கும்."

ஷெர்லின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது. "இதுக்கு ஐட்டம் கோட் இல்லையே, இசக்கி. எந்தத் துறைன்னு போடறது?"

"வீடுன்னு போடுங்க மேடம்."

"அப்படி ஒரு துறை இல்லப்பா."

சட்டை தோள்பைக்குத் திரும்பியது.

புறப்பாட்டுக்கு முதல் நாள், சரக்கு அனுப்பும் இடத்திலுள்ள எடைமேடையில் சாமான்கள் ஏறின. நூற்று முப்பத்தெட்டு கிலோ. பிறகு இசக்கிபாண்டி ஏறினான். அறுபத்து மூன்று. மொத்தம் இருநூற்று ஒன்று. வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை நூற்றைம்பது என்று இருந்தது.

ஒரு கணம் ஆலையே ஸ்தம்பித்தது. வேறு இடமாக இருந்தால் டயரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே அப்படிக் கண்மூடித்தனமாக எதையும் செய்வதில்லை. ஒரு கோளாறு வந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் மூலகாரணம் அகப்படும். ஜப்பான்காரர்களிடம் கற்ற முறை. இராமச்சந்திரன் வெள்ளைப் பலகைக்கு முன் நின்றார்.

"ஏன் வெயிட் ஜாஸ்தியாச்சு?"

"சாமான் நூத்தி முப்பத்தெட்டு, ஆள் அறுபத்து மூணு சார்," என்றார் ஷெர்லின்.

"சாமானை ஏன் குறைக்க முடியாது?"

"ஒவ்வொன்னுக்கும் துறைத்தலைவர் கையெழுத்து கீது சார்," என்றார் ரத்தினம்.

"அப்ப எது கையெழுத்து இல்லாம ஏறியிருக்கு? ஏன் ஏறிச்சு?"

எல்லோரும் இசக்கிபாண்டியைப் பார்த்தார்கள். அவன் இன்னும் எடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இவருக்கு ஏன் யாரும் கையெழுத்துப் போடல?"

"இவர் எந்தத் துறைத்தலைவருக்குக் கீழயும் வரமாட்டார் சார்," என்றார் ஷெர்லின்.

"ஏன் வரமாட்டார்?"

"கான்ட்ராக்ட் சார்."

இராமச்சந்திரன் அந்தச் சொல்லை எழுதி, சுற்றி வட்டம் போட்டார். மூலகாரணம் அகப்பட்டுவிட்டது. கைதட்டல் எழுந்தது. பாதி வரைக்கும் இசக்கிபாண்டியும் தட்டினான். பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"சார், நான் வேணும்னா சாப்பிடாம வாரேன் சார். ஒரே ராத்திரில மூணு கிலோ எறக்கிருவேன்."

"வருத்தப்படாதீங்க இசக்கி. உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. எங்கேயும் கையெழுத்து இல்ல, அவ்வளவுதான்," என்றார் இராமச்சந்திரன்.

ஆளை இறக்கியதும் முள் நூற்று முப்பத்தெட்டில் நின்றது. இன்னும் பன்னிரண்டு கிலோ பாக்கி இருப்பதால் கேடயத்துக்கு ஒரு தேக்குப் பீடமும் சேர்க்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று.

மறுநாள் காலை, மூட்டைகள் ஏற்றிய மோட்டார் சைக்கிளைக் குட்டியானை என்னும் சிறு லாரியில் நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டினார்கள். விதியை மீறக்கூடாது என்பதால் காலி சீட்டின்மேல் ஒரு ஹெல்மெட்டையும் கட்டினார்கள். இராமச்சந்திரன் பச்சைக்கொடி அசைத்தார். அசைத்துவிட்டு, கேடயம் வாங்க விமானத்துக்குப் போனார்.

இசக்கிபாண்டி சீருடை போட்டுக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போனான். வாசலில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது: 'நீங்கள் அலுவல் பயணத்தில் இருக்கிறீர்கள்.' திரும்பத் தேய்த்தான். இயந்திரம் பிடிவாதமாக அதையே சொன்னது. பயணிப் பெயரை மாற்றுவதற்கான படிவத்தில் மேலாளர் கையெழுத்து வேண்டும். மேலாளர் வானத்தில் இருந்தார்.

ரத்தினம் டீ கிளாஸோடு வந்து திரையைப் பார்த்தார். "மெஷினே சொல்லுது, நீ கன்யாகுமரிக்குப் போய்க்கினு கீற. அப்பால இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற? போ."

"போனா பிரச்சினை வராதா அண்ணாச்சி?"

"போவாட்டிதாம்ப்பா பிரச்சினை. நாலு நாளு சும்மா வாசல்ல நின்னன்னா, பயணத்துல போனவன் இங்க இன்னா பண்றான்னு கேப்பாங்க."

தோள்பையோடு பஸ் ஏறினான். தீயணைப்பான் இல்லை, உதிரி டயர் இல்லை. இத்தனை பொறுப்பற்ற முறையில் கிளம்பியவனுக்கு வழியில் ஒன்றுமே ஆகவில்லை என்பதை ஆலையின் கௌரவம் கருதி அழுத்திச் சொல்ல வேண்டாம். பிள்ளை அவனைப் பார்த்துப் பயப்படவில்லை, மூக்கைப் பிடித்து இழுத்துச் சோதித்தது. சட்டைதான் கை நுழையவில்லை. பிறந்த குழந்தை அளவில் வாங்கியிருந்தான்.

"பரவால்ல, வச்சிருப்போம்," என்றாள் சந்தனமாரி. "இந்த அளவுல பிள்ளைய நீங்க பாக்கவே இல்லைலா."

அப்பாவும் மகளும் இருக்கும் படத்தை அவள் வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸாக வைத்தாள். அது கைமாறிக் கைமாறி, கேடயத்தோடு திரும்பிய மேலாளரின் போனுக்கும் வந்தது.

ஐந்தாம் நாள் விசாரணை. குற்றச்சாட்டு: 'விழிப்புணர்வு நெடும்பயணத்தின் நடுவே வாகனத்தைக் கைவிட்டுச் சொந்த ஊரில் இறங்கியமை.' இசக்கிபாண்டி, ஏறவே விடாத வண்டியிலிருந்து தான் எப்படி இறங்கினோம் என்று கேட்கத்தான் நினைத்தான். ஆனால் கேட்கும் வேலை ஷெர்லினுடையது. அவர் படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"கன்னியாகுமரியில இல்லாம வீட்ல ஏன் இருந்தீங்க?"

"பிள்ளையப் பாக்கப் போனேன் மேடம்."

"அந்த நாலு நாள்லதான் பாக்கணுமா? ஏன்?"

"அதுக்கு முன்ன மூணு தடவ லீவு கேட்டேன். தரல."

"ஏன் தரல?"

"லைன்ல ஆள் இல்லன்னாவ."

"ஏன் ஆள் இல்ல?"

"ஆடி மாசம் எங்க செட்டுல நாப்பது பேர வேண்டாம்னு அனுப்பிட்டாவ மேடம். உங்களுக்குத் தெரியாதா? லிஸ்ட்ட நீங்கதான வாசிச்சிய."

ஷெர்லினின் பேனா ஐந்தாவது கட்டத்தின்மேல் நின்றது. கண்ணாடி அறைக்குள் இராமச்சந்திரன் கேடயத்தைப் பீடத்தில் நேராக நிறுத்திக்கொண்டிருந்தார். ஷெர்லின் அவரைப் பார்த்தார், இசக்கிபாண்டியைப் பார்த்தார், பேனாவை மூடினார். நான்காம் பதிலோடு விசாரணை முடிந்தது. மூலகாரணம், சுருக்கமாக: ஆள் இல்லை. தீர்வு: ஆள் இல்லாத காரணத்தால் இசக்கிபாண்டிக்கு அடுத்த மூன்று மாதம் லீவு இல்லை.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. விசாரணைகளில் ஐந்து 'ஏன்' கேட்பது காலவிரயம். இனி நான்கு போதும். இதனால் விசாரணை நேரத்தில் இருபது சதவீதம் மிச்சம் என்று இராமச்சந்திரனுக்குத் தலைமை அலுவலகம் பாராட்டுச் சான்றிதழ் வழங்கியது. நாற்பது பேரை எதற்காக அனுப்பினார்கள் என்று அந்த ஆலையில் இப்போது யாரும் கேட்பதில்லை. அது ஐந்தாவது கேள்வி.