நாற்பதாவது மாடியில் ஓர் அருவி

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முட்டிகளும் நலம். அங்கே நீயும் அத்தானும், எனக்காக நீ வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்த அறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். நான் ஜெயித்துவிட்டேன்! "முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டிக்கிட்டே நின்னவன் நீ. அருவி வரைக்கும் ஒத்தையா நடந்து ஏறிக் காட்டு, உன் வீட்லயே இருந்துக்கோ. முடியலன்னா மூட்டைய கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்து, உப்பில்லாம சாப்பிட்டுட்டு கம்முனு கிடக்கணும்" என்று சொன்னாய் அல்லவா? அக்கா, இதை அருவிக்கு எதிரே ஈரச் சட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் சிதறியிருப்பது சாரல். கண்ணீர் என்று நினைத்து அத்தானிடம் காட்டாதே.

காட்டு வாசலில் சீட்டுக் கொடுப்பவரிடம், "மேலே எத்தனை மாடி?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாப்பது மாடி இருக்கும் பெரியவரே, ஆனா பட்டன் கிடையாது" என்றார். என்ன நக்கல் பார்! ரோஷம் வந்து விறுவிறுவென்று ஏறினேன். மூன்றாவது மாடியில் செருப்பு வார் அறுந்தது. ஐந்தாவது மாடியில் ஒரு குரங்கு என் பையைத் திறந்து, நீ கொடுத்தனுப்பிய உப்பில்லாத பிஸ்கட்டை எடுத்து, மோந்து பார்த்து, திரும்ப என் மடியிலேயே வைத்துவிட்டுப் போனது. சத்தியமாக, அக்கா. ஏழாவதில் வேர் தடுக்கி ஓடைக்குள் உட்கார்ந்தேன், விழவில்லை, உட்கார்ந்தேன். எட்டாவதில் மூச்சு வாங்க நின்றபோது மேலேயிருந்து ஹோவென்று தண்ணீர்ச் சத்தமும், கூடவே மீன் வறுபடும் வாசனையும் இறங்கி வந்தன பார், அதற்குப் பிறகு கண் மூடித் திறப்பதற்குள் நான் உச்சியில் இருந்தேன்!

அருவிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாப்பாட்டுக் கொட்டகை. அதை நடத்தும் சமையல்கார அம்மா, காலையில் பிடித்த ஆற்று மீனில் காட்டு மிளகை அரைத்துத் தடவி, சுடுகல்லில் புரட்டி வைத்தார். கூடவே காளான் குழம்பு, ஏதோ ஒரு புளிப்புக் கீரை. "இது என்ன கீரைம்மா?" என்றேன். "எங்க காட்டுக் கீரைதான். பேரையா சாப்பிடப் போறீங்க?" என்று இன்னொரு கரண்டி போட்டார். ஐந்து மீன், அக்கா! உப்பைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. ஆயுசெல்லாம் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே மேலே போனவன் நான். மேலே போனால் இப்படி ஒன்று இருக்கும் என்று யாருமே சொல்லவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் கோபத்துக்கு ஒரு பெரிய கும்பிடு.

இப்படிக்கு,
தோற்காத தம்பி

பின்குறிப்பு: மனசு கேட்கவில்லை. எட்டாவது மாடியோடு என் கால்கள் நின்றுவிட்டன. கொட்டகைக்குச் சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் அதில் வெங்காய மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வெறும் வெங்காயம்தான் என்று நினைத்து சமையல்கார அம்மா மேலேயிருந்து இயக்க, பெட்டி கிளம்பிப் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே அந்த அம்மா எந்தப் பிடியை இழுப்பதென்று தெரியாமல் தவிக்க, நான் அந்தரத்தில் தொங்கியபடியே கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்து வந்து சேர்ந்தேன். ஆகவே பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். ஆனால் நான் உன் வீட்டுக்கும் வரவில்லை, என் வீட்டுக்கும் திரும்பவில்லை. "பொட்டி ஓட்டுறவர் வேலைய விட்டு நின்னுட்டாரு. நீங்க இருந்துக்கறீங்களா? ரூமும் சாப்பாடும் உண்டு" என்று அந்த அம்மா கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். நாளை காலை முதல் வேலை! அடுத்த வாரம் நீ மீன் சாப்பிட வர வேண்டும். எட்டாவது மாடி வரை மெல்ல வந்துவிடு, அதற்கு மேல் ஒரு அடிகூட நடக்க வேண்டாம், நானே ஏற்றிவிடுகிறேன். பெட்டி தொண்ணூறு கிலோதான் தாங்கும். உன் எடையை எழுது அக்கா, இந்த ஒரு தடவையாவது உண்மையான எடையை எழுது.